ஈரறிவுயிர்களும் நம் பொறுப்பும்
(மகாவீரர் பிறந்தநாள் விழா உரை)



அரசலாறு கடலில் கலக்கும் காரைக்கால் கரையில் நிற்போர் அலையைக் காண்பர். அடியிலுள்ள சேற்றைக் காணார். ஆறு கொணரும் வண்டலும் மட்கிய இலைதழையும் அங்கே உணவாகின்றன. சிப்பிகள் நீரை வடிகட்டி உண்கின்றன. புழுக்கள் சேற்றை உண்கின்றன. புழுவைச் சங்கு தின்னும்; சிப்பியை நண்டு உடைக்கும்; நண்டைத் திருக்கை விழுங்கும். திருக்கையும் மடிந்தபின் புழுவுக்கே இரையாகும்.

தொல்காப்பியர் நந்தை ஈரறிவிலும் நண்டை நான்கறிவிலும் வைத்தார். சங்கும் புழுவும் ஈரறிவுயிர் என்றே நம் சமண நூல்களும் கூறும். அவை ஒன்றையொன்று உண்பது இயல்பு. ஆராய்ந்து விலக்கும் மனம் அவற்றுக்கில்லை. நமக்கு உண்டு.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும். இழுவைமடி தரையைச் சுரண்டாத அந்நாள்களில் கடலடி சற்று இளைப்பாறும்.

“மீனுண்ணாத நமக்கு இதில் என்ன பங்கு?” எனலாம். வயலில் தெளித்த நஞ்சும் வீட்டுச் சாக்கடையும் நெகிழிப் பையும் வாய்க்கால் வழியே கடலடியைச் சேர்கின்றன. சிப்பி நஞ்சைப் பிரித்தறியாது.

புலால் மறுத்தல் கொல்லாமையின் முதற்படி; வாய்க்காலைக் காத்தல் அடுத்த படி. இன்றைய விருந்தை வாழையிலையில் உண்டு, அப்படியில் கால் வைப்போம்.

அறம் வளர்க!