நாளைய வரைபடமும் பழைய பதிவேடும்



இந்த நினைவுச் சொற்பொழிவு மேடையில் நாம் வழக்கமாகப் பேசுவது பறிபோன நிலத்தைப் பற்றி. இன்று, இனிமேல் பறிபோகும் நிலத்தைப் பற்றிப் பேசலாம் என்று நினைக்கிறோம். எந்த வயல் மனையாகும், எந்த மேய்க்கால் சாலையாகும் என்பதைக் கணினி முன்கூட்டியே படமாக வரைகிறது. திட்டமிடுகிறவர்கள் அந்தப் படங்களைப் பார்க்கிறார்கள். நாமும் பார்க்க வேண்டும்.

2011 மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் சதுர கிலோமீட்டருக்கு 555 பேர். 2022இல் சென்னைப் பெருநகர்ப் பகுதியை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரித்தார்கள். விரிந்த பகுதியில் பெரும்பங்கு பழைய செங்கல்பட்டு மாவட்டம். அங்கே மாவட்ட ஆட்சியர் பொறுப்பிலிருந்த திரமென்ஹீர் நம் மக்களின் நிலைமையைப் பற்றி எழுதிய அறிக்கையின் விளைவாகத்தான் 1892இல் பஞ்சமி நில ஆணை வந்தது. அந்த ஆணை பிறக்கக் காரணமான மண்ணின் மேல்தான் இன்று நகரத்தின் எதிர்காலத்தைக் கணிக்கிறார்கள்.

கணிக்கும் முறை ஒன்றும் மாயமில்லை. வேறு வேறு ஆண்டுகளில் எடுத்த இரண்டு செயற்கைக்கோள் படங்களை வைத்து, வயல், நீர், கட்டடம், தரிசு என்று வகை பிரிக்கிறார்கள். எது எதுவாக மாறியது, எந்த வேகத்தில் மாறியது என்று கணக்கிடுகிறார்கள். சாலைக்கு எவ்வளவு தூரம், பக்கத்துக் கட்டத்தில் கட்டடம் உண்டா என்பதையும் சேர்த்து, அதே போக்கை முன்னோக்கி ஓட்டுகிறார்கள். மூன்றாவது ஆண்டுப் படத்தோடு ஒப்பிட்டு, பலித்தால் கணிப்பு சரி.

அந்தப் போக்கு எப்படி உண்டானது என்று கணினியிடம் யாரும் கேட்பதில்லை. கடன் பத்திரத்தில் கைரேகை வாங்கி எழுதிக்கொண்ட நிலமும், உடையவரே விரும்பி விற்ற நிலமும் அதற்கு ஒன்றுதான்: வயல் கட்டடமானது, அவ்வளவே. சாதி செய்த வேலை சாத்தியக்கூறு என்ற எண்ணாக மாறி, நாளைக்கும் அதுவே நடக்கும் என்று சொல்லப்படுகிறது.

'தரிசு' என்ற சொல்லை மட்டும் பாருங்கள். அன்று நமக்குக் கொடுத்ததே அரசின் தரிசுதான். அதைத் திருத்தி விளைவித்தவர்கள் நம் முன்னோர். இன்று கிணறு வெட்ட வழியில்லாமலோ, வழியை மறித்ததாலோ, பயிரிட விடாமல் மிரட்டியதாலோ சும்மா கிடந்தால் படம் மறுபடியும் தரிசு என்கிறது. தரிசு என்றால் கட்டடத்துக்குத் தோதான இடம் என்று பொருளாகிவிடுகிறது. இது எழுத்துப்பிழை அல்ல.

அளவையும் கவனியுங்கள். பலரும் பயன்படுத்தும் லேண்ட்சாட் படத்தில் ஒரு கட்டம் 30 மீட்டருக்கு 30 மீட்டர், ஏறக்குறைய 22 சென்ட். மூன்று சென்ட் மனைப்பட்டா ஏழு அதற்குள் அடங்கிவிடும். ஒரு சேரியின் ஒரு தெரு முழுக்க ஒரே புள்ளி.

இந்தக் கணிப்பு முறைகளை எரித்துவிட வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. அவற்றுக்குள்ளேயே ஒரு கதவு இருக்கிறது. ஏரி, காப்புக்காடு போன்றவை மாறக்கூடாது என்று விலக்கப்பட்ட பகுதிகளாகத் தனி அடுக்கில் குறிப்பார்கள். பஞ்சமி நிலமும் அந்த அடுக்கில் ஏற வேண்டும். குறிப்பிட்ட காலம் வரை விற்கவே கூடாது, பிறகும் ஒடுக்கப்பட்ட மக்களுக்கே விற்கலாம் என்ற நிபந்தனையோடு கொடுத்த நிலம் அது. ஏரிக்குள்ள சட்டப் பாதுகாப்பைவிட இது எந்த வகையில் குறைந்தது? இந்த நிலத்துக்காக 1994இல் செங்கல்பட்டில் நடந்த போராட்டத்தில் காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிர் கொடுத்திருக்கிறார்கள்.

அடுக்கில் ஏற்ற, எது பஞ்சமி நிலம் என்று காட்டியாக வேண்டும். இங்கேதான் வேலை கடினம். 1979இல் தொடங்கிய நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில் புல எண்கள் மாறின. பல இடங்களில் பெயர்களும் மாறின. இன்று இணையத்தில் பட்டா பார்த்தால் வேறொருவர் பெயர்தான் வரும்.

புவித் தகவல் மென்பொருள் படிக்கும் மாணவர்கள் நம் கூட்டத்திலேயே இருக்கிறார்கள். பத்தாண்டாக வட்டாட்சியர் அலுவலகத்துக்கு நடக்கும் தோழர்களும் இருக்கிறார்கள். இரு தரப்பும் ஒரு கிராமத்தை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில், 1979க்கு முந்தைய அ-பதிவேட்டையும், பழைய எண்ணுக்கு எந்தப் புதிய எண் என்று காட்டும் ஒப்பீட்டுப் பட்டியலையும், புலப்பட நகலையும் சேர்த்தே கேளுங்கள். ஒப்பீட்டுப் பட்டியல் இல்லை என்று பதில் வந்தால், மேல்முறையீட்டுக்கு 30 நாள் இருக்கிறது.