நகரும் தகவலும் ஓரியல் குலைவும்



குவாண்டம் கணினியில் ஏற்றிய தகவல் நெடுநேரம் நிலைப்பதில்லை. சுற்றுப்புற இரைச்சல் அதனைக் கலைத்துவிடுகிறது. தமிழகப் பாடநூல்களில் ‘ஓரியல் மூலங்கள்’ என்னும் சொல் முன்பே வழங்குவதால், இக்கேட்டை ‘ஓரியல் குலைவு’ என்போம். தொடக்கப்பள்ளியோடு தமிழில் அறிவியல் பயில்வதை நிறுத்திவிடும் நம் ஜொகூர் மாணவர்க்கும் இச்சொல் பொருளுணர்த்தும் என நம்புகிறோம்.

அவெரினும் சீனத்துச் செஜியாங் பல்கலைக்கழக ஆய்வாளரும் பிறரும் 2016-இல் ஒரு வழி காட்டினர். தகவலை ஒரே கியூபிட்டில் இருத்தாமல், அடுத்தடுத்த கியூபிட்டுகளுக்கு நகர்த்துவதே அது. கருவி அசைவதில்லை, தகவலே இடம்பெயர்கிறது.

ஒவ்வொரு கியூபிட்டையும் ஒரு கடிகாரமாகக் கொள்வோம். ஒன்று முந்தும், மற்றொன்று பிந்தும். ஒன்றையே நம்பியிருந்தால் பிழை ஒரு திசையில் பெருகும். ஒவ்வொன்றிலும் சிறிது நேரமே தங்கினால், பிழைகள் ஓரளவு தம்முள் கழிந்துவிடும். அதனால் தகவல் நிலைக்கும் காலம் கியூபிட்டுகளின் எண்ணிக்கையுடைய வர்க்கமூலத்திற்கேற்ப நீள்கிறது. நான்கு இருந்தால் இரு மடங்கு! மூன்று மீக்கடத்திக் கியூபிட்டுகள் வரை சோதித்தும் கண்டனர்.

ஆயினும், மெல்ல மாறும் இரைச்சலுக்கே இம்முறை ஏற்றது. கடிகாரங்கள் யாவும் ஒருசேரப் பிந்துமாயின் நகர்ந்தும் பயனில்லை. ஆற்றல் கசிவதால் நேரும் குலைவுக்கும் இது மருந்தன்று.