'லி' என்ற வால் போதுமா?

ஆங்கிலத்தில் அட்வெர்ப், அதாவது வினையடையைக் கண்டுபிடிக்கப் பிள்ளைகளுக்கு ஒரு குறுக்குவழி சொல்லித் தருகிறோம்: கடைசியில் 'லி' வந்தால் அட்வெர்ப். ஸ்லோலி, குயிக்லி, கேர்ஃபுலி வரைக்கும் சரி. ஆனால் ஃப்ரெண்ட்லி, லவ்லி, லோன்லி மூன்றும் பெயரடைகள். ஸூன், வெல், ஆஃப்டன் ஆகியவையோ 'லி' இல்லாமலே வினையடைகள்.

அதனால் சொல்லின் வாலை விட்டுவிட்டு அது செய்யும் வேலையைப் பார்க்கச் சொல்லுங்கள். எப்படி, எப்போது, எங்கே, எவ்வளவு என்று கேட்டால் பதிலாக வருவது அட்வெர்ப். 'ஷீ ரன்ஸ் ஃபாஸ்ட்.' எப்படி ஓடுகிறாள்? ஃபாஸ்ட். இங்கே அது வினையடை. 'எ ஃபாஸ்ட் டிரெயின்' என்றால் அதே சொல் பெயரடை. 'வெரி குட்' என்பதில் உள்ள வெரியும் அட்வெர்ப்தான். பெயரடைக்கு அளவு சொல்கிறது.

மிகவும் கவனிக்க வேண்டிய ஜோடி ஹார்ட், ஹார்ட்லி. 'ஹி வொர்க்ஸ் ஹார்ட்' என்றால் கடுமையாக உழைக்கிறார். 'ஹி ஹார்ட்லி வொர்க்ஸ்' என்றால் வேலையே செய்வதில்லை என்கிற மாதிரி! வேலைக்கு விண்ணப்பிக்கும் பிள்ளை இதை மாற்றி எழுதிவிடக் கூடாதே.

அடுத்தது இடம். தமிழில் 'நன்றாக ஆங்கிலம் பேசுவாள்', 'ஆங்கிலம் நன்றாகப் பேசுவாள்' இரண்டும் சரி. ஆங்கிலத்தில் அப்படி முடியாது. 'ஷீ ஸ்பீக்ஸ் வெல் இங்கிலீஷ்' தவறு. வினைக்கும் செயப்படுபொருளுக்கும் நடுவே வினையடை நுழையக் கூடாது. 'ஷீ ஸ்பீக்ஸ் இங்கிலீஷ் வெல்' என்றே சொல்ல வேண்டும்.