பந்தாட்டமும் ஒரு தீவின் பண்பாடும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

    

ஆண்டு விழா மேடையில் குறளைப் பற்றியோ சிலம்பைப் பற்றியோ பேசுவது நம் மரபு. இவ்வாண்டு டென்னிஸ் ஆட்டத்தைப் பற்றிப் பேசுமாறு எமக்குப் பணித்தனர். காரணம் இங்குள்ள யாவரும் அறிந்ததே. நம் குடியிருப்பில் சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குத் தமிழ் வகுப்பு நடைபெறுகிறது. அதே ஐந்து மணிக்கு டென்னிஸ் பயிற்சியும் நடைபெறுகிறது. திடலில் பிள்ளைகள் பெருக, வகுப்பில் பாய்கள் ஒவ்வொன்றாகச் சுருட்டி வைக்கப்படுகின்றன. பயிற்சியை நிறுத்துக என்பார் ஒரு சாரார். மலையாளமும் ஆங்கிலமும் இந்தியும் பயிலும் கழக்கூட்டத்துப் பிள்ளைக்குத் தமிழெழுத்து எதற்கு, வகுப்பை நிறுத்துக என்பார் மற்றொரு சாரார். யாம் இவ்விரு கட்சியிலும் சேர்ந்தோமல்லோம். முதலில் ஆட்டத்தை அறிந்துகொள்வோம். பின்னர், அவ்வாட்டத்தின் பெருவீரர் ஒருவர் பிறந்த தீவினையும் அறிந்துகொள்வோம். முடிவு செய்வதற்கு அதன்பின் நேரம் இருக்கிறது.

ஆடுகளத்தின் நீளம் 78 அடி. ஒருவரை ஒருவர் எதிர்த்தாடும்போது அகலம் 27 அடி. இருவர் இருவராக ஆடும்போது 36 அடி. நடுவே கட்டிய வலை, கம்பங்களின் அருகில் மூன்றரை அடி உயரமும், மையத்தில் மூன்று அடி உயரமும் உடையது. வலை நடுவில் தாழ்ந்திருப்பதைப் பலர் தளர்ச்சி என்று எண்ணி இழுத்துக் கட்டுகின்றனர். அது தளர்ச்சியன்று, விதி. தேர்ந்த ஆட்டக்காரர் மூலைக்கு மூலை குறுக்காகப் பந்தை அடிப்பதன் பொருள் இங்கேதான் இருக்கிறது. குறுக்கு வழியில் வலையும் தாழ்வு, தொலைவும் மிகுதி. ஆகவே பிழைக்கும் இடமும் மிகுதி.

ஆட்டத்தைத் தொடங்கும் அடியைச் சர்வீஸ் என்பர். எல்லைக் கோட்டின் பின்னே நின்று, பந்தை மேலே எறிந்து, எதிர்ப்புறத்துக் குறுக்குக் கட்டத்தில் விழுமாறு அடித்தல் வேண்டும். இரண்டு வாய்ப்பு உண்டு. இரண்டும் பிழைத்தால் எதிரிக்கு ஒரு புள்ளி. பந்து வலையின் மேல் விளிம்பைத் தொட்டு, உரிய கட்டத்திலேயே விழுந்தால் மீண்டும் அடிக்கலாம். கோட்டின் மேல் விழுந்த பந்து உள்ளே விழுந்த பந்தே. சிறார்களின் சண்டையிற் பாதி இதனாலேயே எழுவதால், இவ்விதியைச் சற்று உரக்கவே கூறுகிறோம்.

புள்ளிக் கணக்கு வேடிக்கையானது. சுழிக்கு ‘லவ்’ என்று பெயர். சுழியை அன்பு என்று அழைக்கும் ஆட்டத்தில் இத்தனை கடுமை எங்கிருந்து வந்தது என்று யாம் வியப்பதுண்டு! சுழிக்குப் பின் பதினைந்து, முப்பது, நாற்பது. அதன்பின் ஆட்டம் முடிவு. இருவரும் நாற்பதில் நின்றால் ‘டியூஸ்’. அதன்மேல் தொடர்ந்து இரண்டு புள்ளிகள் பெற்றவரே வென்றவர். இத்தகைய ஆட்டங்கள் ஆறு வென்று, எதிரியினும் இரண்டு மிகுந்திருந்தால் ஒரு ‘செட்’. ஆறுக்கு ஆறு என நின்றால் ஏழு புள்ளிக்கு ஒரு முடிவாட்டம் ஆடுவர். அந்த முடிவாட்டம் இறுதிச் செட்டுக்கு இல்லாத காலத்தில், 2010ஆம் ஆண்டு விம்பிள்டனில் இஸ்னர், மாயூ என்னும் இருவர் மூன்று நாட்களில் 11 மணி 5 நிமிடம் ஆடினர். இறுதிச் செட் மட்டும் 70–68 என முடிந்தது.

மட்டையைப் பிடிப்பது எங்ஙனம்? நண்பருடன் கைகுலுக்குவது போலப் பிடித்தால் தொடக்கத்திற்குப் போதும். பந்து வருமுன் தோளைத் திருப்புதல், உடலுக்கு முன்பாகவே பந்தைச் சந்தித்தல், அடித்தபின் மட்டையைத் தோள்வரை கொண்டு செல்லுதல், இவை மூன்றையும் ஓராண்டு பழகினால் போதும். பத்து வயதுக்குட்பட்டோர்க்கு மஞ்சள் நிறப் பந்து வேண்டா. வேகம் குறைந்த சிவப்பு, இளஞ்சிவப்புமஞ்சள், பச்சைப் பந்துகள் இருக்கின்றன. 2012 முதல் உலக டென்னிஸ் சம்மேளனம் அவ்வயதினர் போட்டிகளுக்கு இவற்றையே விதித்துள்ளது. பெற்றோர் பெரிய மட்டையும் பெரிய பந்தும் வாங்கித் தந்து பிள்ளையின் தோளைக் கெடுத்தல் ஆகாது.

இனித் தரையைப் பற்றிக் கூற வேண்டும். ஆட்டத்தின் உயிர் தரையில்தான் இருக்கிறது. புல்தரையில் பந்து தாழ்ந்து வழுக்கி ஓடும். களிமண்ணிலும் செங்கற்பொடியிலும் வேகம் குன்றி உயர்ந்து எழும். சாணமிட்டு மெழுகிய மண் திடல்களில் ஆடிப் பழகிய நம் நாட்டவர் இங்கிலாந்துப் புல்லில் வெற்றி பெறுதல் எளிதன்று. ஆயினும் ஒருவர் பெற்றார். 1937ஆம் ஆண்டு நாகர்கோயிலில் பிறந்தவர் இராமநாதன் கிருஷ்ணன். அந்நாளில் நாகர்கோயில் திருவிதாங்கூர் அரசின் ஊர். ஆகவே அவர் இத்திருவனந்தபுரத்து மன்னரின் ஆட்சியிற் பிறந்த தமிழர் எனலாம். தந்தை டி. கே. இராமநாதனே அவர்க்கு ஆசான். 1954இல் விம்பிள்டன் சிறுவர் பட்டத்தை வென்றார். 1960, 1961 ஆகிய ஈராண்டும் அங்கே அரையிறுதி வரை சென்றார். அவரை வென்ற பிரேசரும் லேவரும் அவ்வவ்வாண்டின் பட்டத்தைப் பெற்றவர்களே. கிருஷ்ணனிடம் வன்மை குறைவு, மென்மை மிகுதி. பந்தை அறையாமல், வேண்டிய இடத்தில் வைத்து வென்றவர் அவர். அவர் மகன் இரமேஷ் கிருஷ்ணனும் 1979இல் அதே சிறுவர் பட்டத்தை வென்றார். வீட்டிலேயே பயின்று உலகை எட்டியவர்கள் அவர்கள்.

புல்லுக்கும் மண்ணுக்கும் உள்ள வேறுபாட்டை ஒரே நாளில் காட்டிய விந்தை ஒன்று 2007ஆம் ஆண்டு மே மாதம் நிகழ்ந்தது. வலைக்கு ஒருபுறம் புல், மறுபுறம் மண் என ஒரு திடலை அமைத்து, புல்லின் வேந்தராகிய பெடரரையும் மண்ணின் வேந்தராகிய ரபேல் நடாலையும் ஆடவிட்டனர். பக்கம் மாறுந்தோறும் காலணியும் மாற்ற வேண்டியதாயிற்று! மூன்றாம் செட்டின் முடிவாட்டத்தில் நடால் வென்றார். ஆட்டம் நிகழ்ந்த ஊர் பால்மா. மயோர்க்காத் தீவின் தலைநகர் அது. நடாலின் சொந்தத் தீவும் அதுவே.

மேலைக் கடலாகிய மத்தியதரைக் கடலில், ஸ்பெயின் நாட்டுக்குக் கிழக்கே பலேரிக் தீவுகள் உள்ளன. அவற்றுட் பெரியது மயோர்க்கா. பரப்பு ஏறத்தாழ 3,640 சதுரக் கிலோமீட்டர். பண்டைக் காலத்தில் அத்தீவினர் கவண் எறிவதிற் பெயர் பெற்றவர்கள். கார்த்தேஜின் படையிலும் உரோமின் படையிலும் கூலிக்குக் கவண் வீசினர். கிறித்துவுக்கு முற்பட்ட முதல் நூற்றாண்டில் வாழ்ந்த தியோதோரஸ் என்னும் கிரேக்க வரலாற்றாசிரியர் ஒரு செய்தி கூறுகிறார். தாய்மார் உரொட்டியைக் கம்பத்தின்மேல் வைத்துவிடுவராம். பிள்ளை கவணால் அதை அடித்து வீழ்த்தினாலன்றி உணவு இல்லையாம். தினைப்புனத்தில் கவண் ஏந்தி நின்ற குறிஞ்சி மகளிரை அறிந்த நமக்கு இச்செய்தி இனிக்கும். எனினும், நடாலின் கைவன்மை அந்தக் கவணிலிருந்து வந்தது என்று சொல்ல யாம் துணியோம். எதற்கும் பழம்பெருமையைக் காரணமாகக் காட்டுதல் தமிழர்க்கு நன்கு பழகிய நோய். அதை அயல் தீவுக்கும் பரப்ப வேண்டா.

கி.மு. 123இல் உரோமர் அத்தீவை வென்றனர். பத்தாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் முந்நூறாண்டுக்கு மேல் முஸ்லிம்கள் ஆண்டனர். 1229இல் அராகன் மன்னர் முதலாம் ஜேம்ஸ் கைப்பற்றினார். அவர் படையுடன் வந்த மொழி கத்தலான். அதன் தீவு வழக்கே மயோர்க்கர் இன்று வீட்டில் பேசுவது. மலைச்சரிவுகளில் சாந்து இன்றிக் கல்லடுக்கிப் படிப்படியாக வயல் அமைத்து, வாய்க்காலில் நீர் கொணர்ந்த உழைப்பைப் போற்றி, திரமுந்தானா மலைத்தொடரை 2011இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக ஏற்றது. கல்லும் மலையும் தாமே நிற்கும். மொழி அங்ஙனம் நில்லாது.

தீவின் கிழக்குப் பகுதியில் உள்ள சிற்றூர் மனக்கோர். செயற்கை முத்துச் செய்தல் அவ்வூர்த் தொழில். கொற்கை முத்தை அறிந்த நாம் அதைப் பெரிதும் மதியோம். ஆயினும் அவ்வூரில் தோன்றிய இருவரை மதித்தே ஆக வேண்டும்.

முதல்வர், 1862இல் பிறந்த அந்தோனி மரியா அல்கொவெர் என்னும் பாதிரியார். உழவர் வாயிலிருந்து நாடோடிக் கதைகளைத் தொகுத்தவர். 1901இல் அவர் ஓர் அழைப்பு மடலை அச்சிட்டு வழங்கினார். கத்தலான் வழங்கும் ஊர்களிலுள்ள யாவரும் தத்தம் ஊர்ச் சொற்களைச் சீட்டில் எழுதி அனுப்புக என்பதே அதன் பொருள். அரசின் கட்டளை எதுவும் அவர் கையில் இல்லை. ஊர் ஊராகத் தாமும் சென்று கேட்டு எழுதினார். சீட்டுகள் மலைபோல் குவிந்தன. 1932இல் அவர் மறைந்தபோது பணி முடியவில்லை. மாணவராகிய மோல் தொடர்ந்தார். இடையே 1939இல் பிராங்கோவின் ஆட்சி வந்தது. பள்ளியிலும் அலுவலகத்திலும் கத்தலானுக்கு இடம் இல்லாமற் போயிற்று. அவ்விருளிலும் மோல் ஓயவில்லை. 1962இல் பத்துத் தொகுதிகளாக அகராதி நிறைவெய்தியது. அவ்வாட்சி 1975இல் முடிந்து, 1983இல் தன்னாட்சிச் சட்டம் வந்தபோதுதான் கத்தலான் அத்தீவுகளில் ஸ்பானியத்தோடு ஒத்த ஆட்சிமொழி ஆயிற்று. இடைப்பட்ட ஒரு தலைமுறைக்கு மேற்பட்ட காலத்தில் மொழியைக் காத்தவை அடுக்களையும் முற்றமும் அந்தச் சீட்டுகளுமே.

நமக்கும் அத்தகைய பேரகராதி உண்டு. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகச் சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட தமிழ் லெக்சிகனின் பதிப்பாசிரியர் எஸ். வையாபுரிப்பிள்ளை, 1950களின் முற்பகுதியில் இத்திருவனந்தபுரத்துப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராக இருந்தார். அப்பல்கலைக்கழகம் இன்று கேரளப் பல்கலைக்கழகம். அதன் தமிழ்த்துறை நமக்கு அண்மையிலுள்ள காரியவட்டத்தில் இருக்கிறது. நம்முள் எத்தனை பேர் அதன் படியேறியிருக்கிறோம்?

மனக்கோரின் இரண்டாமவர் ரபேல் நடால், பிறந்தது 1986இல். பாட்டன் பாட்டி, சிற்றப்பன்மார் எல்லாரும் ஒரே கட்டடத்தில் மாடிக்கு ஒரு குடும்பமாக வாழ்ந்த வீட்டில் வளர்ந்தார். ஆசான் சித்தப்பா தோனி. திடலைப் பிள்ளையே பெருக்க வேண்டும். மட்டையை எறிந்தால் அன்றோடு பயிற்சி இல்லை என்பது சித்தப்பாவின் சட்டம். பதினான்கு வயதில், பார்சிலோனாவுக்கு வந்து தங்கிப் பயில்க, செலவை ஏற்போம் என்று ஸ்பெயின் டென்னிஸ் சம்மேளனம் அழைத்தது. படிப்புக் கெடும் எனக் கருதிப் பெற்றோர் மறுத்தனர். பிள்ளை வீட்டிலிருந்தே பயின்றார். வீட்டில் பேசியது மயோர்க்க மொழி.

அதனால் ஆட்டம் குறைந்ததா? 2005 முதல் 2022 வரை பிரெஞ்சுப் பட்டம் மட்டும் பதினான்கு. பெரும்பட்டங்கள் மொத்தம் இருபத்திரண்டு. மட்டையைக் கீழிருந்து மேலாக வீசிப் பந்தை முன்னோக்கிச் சுழலவிடுவது அவர் திறம். அங்ஙனம் சுழலும் பந்து வலைக்கு மிக மேலே சென்று, திடீரெனத் தாழ்ந்து, செங்கற்பொடியில் விழுந்ததும் எதிரியின் தோளளவு எழும். 2016இல் தம் பயிற்சிக்கழகத்தையும் மனக்கோரிலேயே நிறுவினார். 2024 நவம்பரில் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார். ஆந்திரத்து அனந்தப்பூரில், விசென்ட் பெரர் அறக்கட்டளையோடு சேர்ந்து 2010இல் ஏழைச் சிறார்க்கு ஒரு டென்னிஸ் பள்ளி திறந்தவரும் அவரே. அங்கே ஆட்டத்தோடு ஆங்கிலமும் கணிப்பொறியும் கற்பிக்கின்றனர். திடலும் வகுப்பும் பகையல்ல என்பதற்குச் சான்று தேடி மயோர்க்கா வரை செல்ல வேண்டியதில்லை, அனந்தப்பூரே போதும்.

இனி நம் பூசலுக்கு வருவோம். பயிற்சி நான்கரை முதல் ஐந்தரை வரை நடக்கட்டும். வகுப்பு ஐந்தே முக்காலுக்குத் தொடங்கட்டும். மழை பெய்து திடல் நனைந்த நாளில் முழுப்பொழுதும் தமிழுக்கே. இடவப்பாதியும் துலாவருடமும் நம் வகுப்புக்குச் செய்யும் துணை சிறிதன்று! பயிற்சியாளர் மலையாளத்தில் சொல்வதைப் பிள்ளைகள் மலையாளத்திலேயே கேட்கட்டும். அன்று கற்ற விதி ஒன்றை, வகுப்பில் தமிழில் நான்கு வரி எழுதட்டும்.

மற்றொன்று. பந்து வாங்கும்போது வரும் உருளைக் குப்பிகள் வெற்றாகக் கிடக்கின்றன. அவற்றை வகுப்பறையில் வரிசையாக வைத்திருக்கிறோம். ஒவ்வொரு வீட்டாரும் தம் ஊர்ச் சொல் ஒன்றைச் சீட்டில் எழுதி, பொருளும் ஊர்ப்பெயரும் குறித்து, வாரந்தோறும் பிள்ளையின் கையில் கொடுத்தனுப்புக. பாட்டிமார் சொல்ல, பேரப்பிள்ளைகள் எழுதினால் இன்னும் நன்று. நேற்று மாலையே மூன்று சீட்டுகள் வந்துவிட்டன. கழக்கூட்டம் சந்தையில் நாம் வாங்கும் கிழங்கு ஒன்றுக்கே மூன்று பெயர்கள்: நாஞ்சில் நாட்டார் மரச்சீனி என்று எழுதியிருக்கின்றனர், மதுரையார் மரவள்ளி என்கின்றனர், சேலத்தார் குச்சிக்கிழங்கு என்கின்றனர். மற்ற மாவட்டத்தார் சீட்டுக்காகக் குப்பி காத்திருக்கிறது.