மூக்குள்ள லாரி, மூக்கில்லாத லாரி



'டிரான்ஸ்ஃபார்மர்ஸ்' படம் பார்த்திருப்பீர்கள். லாரியாக ஓடிவந்து ரோபோவாக எழுந்து நிற்குமே, ஆப்டிமஸ் பிரைம்! 1984-ல் வந்த கார்ட்டூனில் அது மூக்கில்லாத லாரி. தட்டை முகம், எஞ்சினுக்கு மேலேயே டிரைவர் சீட்டு. 2007 சினிமாவிலோ எஞ்சினை முன்னால் நீட்டி, நீளமாக மூக்கு வைத்த பீட்டர்பில்ட் லாரி. இடைப்பட்ட காலத்தில் அமெரிக்க நெடுஞ்சாலையிலும் இதேதான் நடந்திருந்தது.

அங்கே பல மாநிலங்களில், முன் பம்பரிலிருந்து டிரெய்லரின் கடைசி வரை வண்டி இத்தனை அடிதான் என்று கணக்கு வைத்திருந்தார்கள். மூக்குக்கு நாலடி கொடுத்தால் சரக்கில் நாலடி போச்சு. அதனால் மூக்கை எடுத்துவிட்டார்கள். 1982-ல் வந்த சட்டம், பெரிய நெடுஞ்சாலைகளில் டிரெய்லரை மட்டும் அளந்தால் போதும் என்றது. மூக்கு திரும்பி வந்துவிட்டது. ஃபிரைட்லைனர் கம்பெனி தன் மூக்கில்லாத 'ஆர்கோஸி'யை அங்கே விற்பதை 2006-ல் நிறுத்திக்கொண்டது. ஐரோப்பாவில் பொதுவாக டிரெய்லரோடு சேர்த்து மொத்தமே 16.5 மீட்டர். டிரெய்லருக்கே 13.6 போய்விடும். மிச்சத்தில் மூக்குக்கு ஏது இடம்? டிரைவரைக் கேட்டு எந்த ஊரிலும் லாரிக்கு முகம் வைத்ததாக எனக்குத் தெரியவில்லை.

நான் நாமக்கல் பக்கம் லாரி பாடி கட்டும் பட்டறையில் காலம் தள்ளியவன். என்னைப் பேசக் கூப்பிட்டால் கேபின் கதைதான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். 1954-ல் டாடாவும் பென்ஸும் சேர்ந்து இங்கே கொண்டுவந்த லாரிகளுக்கு மூக்கு உண்டு. பின்னால் வந்த 1210 எஸ்.இ.யில் எஞ்சின் பாதி வெளியே, பாதி உள்ளே. அப்புறம் அதுவும் குறைந்து, தட்டை முகமே வழக்கமாகிவிட்டது.

கம்பெனியிலிருந்து சேசிஸும் முகப்பும் மட்டும் வரும். கேபின் நாங்கள் கட்டுவது. டிரைவருக்கும் கிளீனருக்கும் நடுவே, ஒரு மூடிக்கு அடியில் எஞ்சின் இருக்கும். ஒடிசா, வங்காளம் என்று போகிற டிரைவர்கள் பெயின்ட்டைப் பற்றியா கேட்பார்கள்? "அண்ணே, மூடி மேல இன்னும் கொஞ்சம் நாரு வெச்சுத் தைங்க, இடது தொடை வேகுது" என்பார்கள். நாரை வைத்து ரெக்சின் தைத்துக் கொடுப்போம். அடுத்த முறை வரும்போது பார்த்தால், அதே மூடி மேல் தூக்குப்போசியை வைத்துச் சோற்றைச் சூடாக்கிக்கொண்டிருப்பார்கள்! என்னத்தைச் சொல்ல?

பிறகு கம்பெனிக் கேபின் வந்தது. எஞ்சினில் கைவைக்க வேண்டுமென்றால் கேபினையே முன்பக்கம் சாய்க்க வேண்டும். ஹைட்ராலிக் பம்பில் கம்பியைச் செருகி அடிக்க அடிக்க, கேபின் மெல்ல எழுந்து குனியும். அதற்கு முன் கிளீனர் உள்ளே ஏறி, தேங்காய் எண்ணெய், தண்ணீர் கேன், சாமி படத்துக்கு முன்னால் வைத்த எலுமிச்சம்பழம் எல்லாவற்றையும் இறக்கியாக வேண்டும். ஒரு பையன் மாங்காய் ஊறுகாய் பாட்டிலை விட்டுவிட்டான். மூடியும் சரியில்லை. அன்றைக்கு எஞ்சின் வேலை சீக்கிரம் முடிந்தது, கண்ணாடி கழுவத்தான் நேரம் பிடித்தது. மூக்கு வண்டியில் இந்தத் தொல்லை இல்லை. மூக்கைத் தூக்கினால் எஞ்சின்.

ஆனால் மலையில் நான் மூக்கில்லாததன் கட்சி. சத்தியமங்கலத்திலிருந்து மேலே ஏறும் திம்பம் பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள். டிரைவர் முன்சக்கரத்துக்கு மேலே, கொஞ்சம் முன்னாலேயே உட்கார்ந்திருக்கிறார். அகலமாக வாங்கித் திரும்பும்போது சக்கரம் தாரில் இருக்கும், கேபின் முனை மட்டும் ஓரத்தைத் தாண்டி வெளியே போய்வரும். சீட்டிலிருந்து கீழே பார்த்தால் பள்ளம்தான் தெரியும். புதுக் கிளீனர்கள் அங்கே பேச்சை நிறுத்திவிடுவார்கள். அதே சரக்குக்கு மூக்கும் வைத்தால் முன்சக்கரம் இன்னும் தள்ளிப் போகும். வளைவுக்கு வளைவு ரிவர்ஸ் போட வேண்டியதுதான்.

நேர்ரோட்டில் நியாயம் மாறிவிடும். பஸ்ஸில் பின்சக்கரத்துக்கு மேல் சீட்டு கிடைத்து ஊர் போயிருக்கிறீர்களா? மூக்கில்லாத வண்டியின் டிரைவருக்கு தினமும் அதுதான், முன்சக்கரத்து மேலே. மூக்கு வண்டியில் சீட்டு சக்கரத்துக்குப் பின்னால் தள்ளியிருப்பதால் குலுக்கல் குறையும். சரிந்த மூக்கில் காற்று வழுக்கிப் போவதால் டீசலும் கொஞ்சம் மிச்சம். ஒரே நாளில் 11 மணி நேரம் வரை ஓட்டும் அமெரிக்க டிரைவருக்கு அது பெரிய விஷயம்.

நேரம் முடிகிறது என்று ஸ்டுடியோக் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் கையைக் காட்டுகிறார்கள். ஒன்றைச் சொல்லி விடுகிறேன். 2025 அக்டோபர் 1 முதல் நம் நாட்டில் தயாராகும், 3.5 டன்னுக்கு மேற்பட்ட லாரிகளுக்குக் கேபினில் ஏ.சி. கட்டாயம். தொடை வேகும் புகார் இனிக் குறையும் என்று நம்புகிறேன். முதுகு பாக்கி இருக்கிறது. புது வண்டி எடுக்கப்போகும் முதலாளிகள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால், மைலேஜ் விசாரிக்கும்போது டிரைவர் சீட்டுக்கு ஏர் சஸ்பென்ஷன் உண்டா என்றும் விசாரியுங்கள். முடிந்தால் டிரைவரையும் ஷோரூமுக்குக் கூட்டிப் போங்கள், அவர் உட்கார்ந்து பார்த்துச் சொல்லட்டும்.