'நோ' என்றால் 'ஆமாம்'



ஆங்கிலப் பேராசிரியர் கேள்வி கேட்டால், பேனா விழுந்துவிட்டதுபோல் பெஞ்சுக்கடியில் குனிந்துகொள்பவன் நான். அப்படிப்பட்டவன் செக் நாட்டில் போய் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தேன் என்றால் முன்வரிசையில் இருக்கும் என் அறைத் தோழர்கள் சிரிக்கத்தான் செய்வார்கள். சிரிங்கப்பா, பரவாயில்லை.

1996இல் வேலை நிமித்தமாக ப்ர்னோ நகரத்துத் தொழிற்சாலை ஒன்றுக்குப் போனேன். 1989 வரை அந்த நாட்டுப் பள்ளிகளில் ருஷ்ய மொழிதான் கட்டாயம். ஆட்சி மாறிய பிறகு எல்லோரும் ஆங்கிலத்தைத் தேடினார்கள். அங்கே ஐம்பது வயது மெக்கானிக் ஒருவரிடம் "பவர் ஆன்?" என்று கேட்டேன். "நோ, நோ" என்றார். அதை நம்பி, கம்பியில் கை வைக்கப் போனேன். பாய்ந்து வந்து கையைத் தட்டிவிட்டார். அவர்கள் மொழியில் 'அனோ' என்றால் ஆமாம். பேச்சு வழக்கில் 'நோ' என்றாலும் ஆமாம்தான்!

அன்று மாலையே, "ஆங்கிலம் கற்றுக்கொடு" என்று வந்து நின்றார். ஒருவர் பத்துப் பேரானார்.

மோசம், படுக்கை, மட்டை, பந்தயம் ஆகிய நான்குக்கும் உரிய ஆங்கிலச் சொற்கள் அவர்கள் வாயில் ஒரே 'பெட்' ஆகிவிடும். சொல்லின் முடிவில் தொண்டை அதிர்ந்து வரவேண்டிய ஒலி, செக் மொழியில் அதிர்வில்லாமல்தான் வரும். நாம் மட்டும் என்ன? தமிழில் எழுதிப் பாருங்கள், படுக்கையும் பந்தயமும் நமக்கும் ஒரே 'பெட்'தான்! "படுக்கைக்கு இழு, பந்தயத்துக்கு வெட்டு" என்று பழக்கினேன்.

'திங்க்' அவர்களுக்கு 'சிங்க்'. யோசிக்கிறேன் என்று சொல்ல வந்தவர், மூழ்குகிறேன் என்பார். நாக்கு நுனியைப் பல்லிடுக்கில் வைத்து ஊதச் சொன்னேன். கண்ணாடி பார்த்துப் பழகினார்கள். திராட்சைக் கொடியும் திராட்சை மதுவும் அவர்களுக்கு ஒரே 'வைன்'. நமக்கும் அப்படித்தானே? 'உ' என்று உதட்டைக் குவித்துத் தொடங்கினால் மது; மேல்பல் கீழுதட்டைத் தொட்டால் கொடி. சொல்லிக்கொடுக்கப் போய்த்தான் நானே இதைக் கற்றுக்கொண்டேன்.

"மகள் கிம்னாசியம் போகிறாள்" என்றார் ஒருவர். உடற்பயிற்சிக்கு என்று நினைத்தேன். பல்கலைக்கழகத்துக்குத் தயார்செய்யும் மேல்நிலைப் பள்ளிக்கு அங்கே அந்தப் பெயராம்!

படம் காட்டிச் சொல் கற்பிக்கும் நூலை 1658இலேயே வெளியிட்ட கொமென்ஸ்கி, அதே மொராவியா மண்ணில் பிறந்தவர். அவர் வழியில் சுத்தியல், கதவு, தேநீர்க் கோப்பை என்று பொருளைக் காட்டித்தான் சொல் சொன்னோம்.

ஆறு மாதம் கழித்து அந்த மெக்கானிக்கிடம் அதே கேள்வியைக் கேட்டேன். "யெஸ்! டேஞ்சர்!" என்று சொல்லிவிட்டு ஒரு சிரிப்பு சிரித்தார் பாருங்கள்!

முப்பது வருட அனுபவம் உள்ளவரை, ஆங்கிலம் வராததால் ஒன்றும் தெரியாதவர் என்று முதலில் எண்ணியிருந்தேன். பெஞ்சுக்கடியில் குனிந்த நாட்களில் என்னையும் நான் அப்படித்தான் எண்ணினேன். குறை அறிவில் இல்லை. தாய்மொழிக்குப் பழகிய நாக்கில் இருக்கிறது. உங்களுக்கு வராத நான்கைந்து ஒலிகள் எவை என்று கண்டுபிடியுங்கள். தினமும் பத்து நிமிடம் கண்ணாடி முன்னால் நில்லுங்கள்.

இன்னும் பேனா தேடிக்கொண்டிருக்கிற தம்பி, தங்கைகளே! நிமிர்ந்து உட்கார்ந்து, தப்பாகவாவது பேசுங்கள். திருத்தப் பேராசிரியர்கள் இருக்கிறார்கள்.