தொடர்பியல் முதுகலை: வளாகக் கல்வியா, இணையவழிக் கல்வியா?

(பட்டப்படிப்பை நிறைவு செய்யும் மாணவ, மாணவியருக்கும் பெற்றோருக்குமாக நமது பள்ளிவாசல் வளாகத்தில் நடைபெற்ற வழிகாட்டல் நிகழ்ச்சியில் ஜமாஅத் கல்விக் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)



 

மருத்துவம், பொறியியல், கணினி ஆகியவற்றைப் பற்றி வழிகாட்டல் கூட்டங்களில் நாம் நிறையப் பேசியிருக்கின்றோம். இதழியல், ஊடகவியல், விளம்பரம், ஒலி-ஒளிபரப்பு, மேம்பாட்டுத் தொடர்பியல் ஆகியவற்றை உள்ளடக்கிய தொடர்பியல் துறையைப் பற்றி அதிகம் பேசியதில்லை. காட்சித் தொடர்பியலும் ஆங்கில இலக்கியமும் தமிழும் பயின்ற நம் பிள்ளைகள் சிலர் இப்போது இத்துறையில் முதுகலைப் பட்டம் பெற விரும்புகின்றனர். கல்லூரியில் சேர்வதா, வீட்டிலிருந்தபடி இணையவழியில் படிப்பதா என்பது அவர்களும் பெற்றோரும் நம்மிடம் கேட்கும் கேள்வி. அதற்குரிய விடையைத் தேடுவதே இவ்வுரையின் நோக்கம்.

இத்துறை நமக்குப் புதிதன்று. 1882இல் கண்டியில் சித்தி லெப்பை அவர்கள் ‘முஸ்லிம் நேசன்’ இதழைத் தொடங்கினார்கள். 1887இல் சிங்கப்பூரில் ‘சிங்கை நேசன்’ வெளிவந்தது. தமிழகத்தில் பா. தாவூத் ஷா அவர்களின் ‘தாருல் இஸ்லாம்’ ஒரு தலைமுறையையே படிக்க வைத்தது. அதற்கும் மேலாக, நம்மிடம் வரும் செய்தியைத் தீர விசாரித்து அறிய வேண்டும் என்பது திருக்குர்ஆனின் அல்ஹுஜுராத் அத்தியாயம் நமக்கு இடும் கட்டளை. செய்தியை ஆராய்ந்து, சரிபார்த்து, பொறுப்புடன் சொல்லும் கலையைக் கற்பது நம் பிள்ளைகளுக்கு அந்நியமான வேலையாகாது.

முதலில் நோக்கத்தைத் தெளிவு செய்க

எந்த முறையில் படிப்பது என்பதற்கு முன்னர், எதற்காகப் படிப்பது என்று தீர்மானிக்க வேண்டும். தொடர்பியல் முதுகலை பயில்வோரை மூன்று வகையினராகப் பிரிக்கலாம். செய்தியாளர், ஒளிப்பதிவாளர், ஆவணப்பட இயக்குநர் என்று களத்தில் இறங்க விரும்புவோர் முதல் வகை. கல்லூரி ஆசிரியராகவோ ஆய்வாளராகவோ விரும்புவோர் இரண்டாம் வகை. ஏற்கெனவே ஒரு வேலையில் இருந்துகொண்டு, பதவி உயர்வுக்காகவோ துறை மாற்றத்திற்காகவோ பட்டம் தேடுவோர் மூன்றாம் வகை.

முதல் வகையினருக்கு வளாகக் கல்வியே ஏற்றது என்பது எமது கருத்து. கேமராவும் ஒலிப்பதிவுக் கூடமும் படத்தொகுப்பு மேசையும் கைப்பழக்கத்தால் வருபவை. எழுதிய செய்தியை ஆசிரியர் சிவப்பு மையால் அடித்துத் திருத்த, மறுநாளே மீண்டும் எழுதிப் பழக வேண்டும். உடன் படிப்பவர்களே பிற்காலத்தில் செய்தி அறைகளில் அமர்ந்து, ‘ஓர் இடம் காலியாக இருக்கிறது, வா’ என்று அழைக்கப் போகிறவர்கள். இந்த உறவை வீட்டுத் திரையில் பெறுவது கடினம்.

இரண்டாம் வகையினர் ஒரு விதியை மறக்கலாகாது. உதவிப் பேராசிரியர் தகுதிக்கான ‘நெட்’ தேர்வை எழுத, முதுகலையில் பொதுப்பிரிவினர் 55 விழுக்காடும், கிரீமிலேயரில் வராத பிற்படுத்தப்பட்டோர் 50 விழுக்காடும் பெற்றிருக்க வேண்டும். ஆகவே பட்டம் கிடைத்தால் போதும் என்று எண்ணாமல், நல்ல மதிப்பெண் பெறுவதற்கு வசதியான முறையையே இவர்கள் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மூன்றாம் வகையினருக்கு இணையவழிக் கல்வியும் தொலைநிலைக் கல்வியும் ஓர் அருட்கொடை. வளைகுடாவில் பணிபுரியும் நம் இளைஞர்களும், கைக்குழந்தையுடன் வீட்டில் இருக்கும் நம் சகோதரிகளும் வேலையையோ குடும்பத்தையோ விடாமல் பயில இது வழிவகுக்கிறது.

வளாகக் கல்வி: எங்கே, எப்படி?

சென்னைப் பல்கலைக்கழகத்தின் இதழியல் மற்றும் தொடர்பியல் துறை, அண்ணா பல்கலைக்கழகத்தின் ஊடக அறிவியல் துறை, நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் தொடர்பியல் துறை ஆகியவை நம் மாநிலத்தில் உள்ளன. திருவாரூரில் இயங்கும் தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகத்திலும் இப்பாடம் உண்டு. புதுதில்லி ஜாமிஆ மில்லியா இஸ்லாமியாவில் 1982இல் அன்வர் ஜமால் கித்வாய் அவர்களால் தொடங்கப்பெற்ற மக்கள் தகவல் தொடர்பியல் ஆய்வு மையம் நாடறிந்த ஒன்றாகும். 1965இல் நிறுவப்பட்ட இந்திய மக்கள் தகவல் தொடர்பியல் நிறுவனம் 2024இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதி பெற்றது.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். புகழ்பெற்ற சில இதழியல் நிறுவனங்கள் முதுகலைப் பட்டத்தை அல்ல, முதுகலைப் பட்டயத்தையே வழங்குகின்றன. சென்னையிலுள்ள ஏசியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசம் அத்தகையது. செய்தி அறையில் நுழைய அப்பட்டயம் நல்ல வழியே. ஆனால் ‘நெட்’ தேர்வுக்கோ முனைவர் பட்டத்திற்கோ அது முதுகலைப் பட்டத்தின் இடத்தை நிரப்பாது. சேருமுன் பட்டமா பட்டயமா என்று கேட்டறிவது அவசியம்.

மற்றொன்று காலம். மத்தியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் சேர்வதற்கு 2022 முதல் முதுகலைப் பொது நுழைவுத் தேர்வு நடைபெற்று வருகிறது. அத்தேர்வு பெரும்பாலும் மார்ச் மாதத்தை ஒட்டி நடப்பதால், விண்ணப்பிக்கும் காலம் அதற்கும் முன்னரே முடிந்துவிடுகிறது. இளங்கலை முடிவு வந்தபின் விசாரிக்கலாம் என்று காத்திருப்பவர் ஓராண்டை இழப்பார். மூன்றாம் ஆண்டின் தொடக்கத்திலேயே இதில் கவனம் செலுத்த வேண்டும்.

இடஒதுக்கீட்டுச் சான்றுகளையும் முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டும். தமிழகத்தில் 2007 முதல் நமக்கு 3.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு உள்ளது. மத்திய நிறுவனங்களில் இந்த ஒதுக்கீடு கிடையாது. அங்கே மத்திய அரசின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலே கணக்கில் கொள்ளப்படும். தத்தம் பிரிவு அப்பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்து, அதற்கென உள்ள தனிப் படிவத்தில் ஓ.பி.சி. சான்று பெற வேண்டும். மாநிலச் சான்றைக் காட்டி மத்தியப் பல்கலைக்கழகத்தில் இடம் கேட்க இயலாது.

இணையவழிக் கல்வி: மதிப்பும் எச்சரிக்கையும்

‘இணையவழிப் பட்டத்திற்கு மதிப்பில்லை’ என்ற பேச்சு நம் தெருக்களில் அடிக்கடி கேட்கிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2020இல் இதற்கெனத் தனி விதிமுறைகளை வகுத்தது. அங்கீகரிக்கப்பட்ட தொலைநிலை, இணையவழிப் பட்டங்கள் நேரடிக் கல்விப் பட்டங்களுக்கு இணையானவை என்று 2022 செப்டம்பரில் தெளிவுபடுத்தியது. எனவே மதிப்பு உண்டு. ஆனால் அங்கீகாரம் இருந்தால் மட்டுமே உண்டு.

அந்த அங்கீகாரம் பல்கலைக்கழகத்தின் பெயருக்கு மொத்தமாக வழங்கப்படுவதன்று. ஒவ்வொரு பாடத்திற்கும், ஒவ்வொரு சேர்க்கைப் பருவத்திற்கும் தனித்தனியே உரியது. மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பணியகத்தின் இணையதளத்தில், நாம் சேரப்போகும் ஆண்டிற்கு, நாம் விரும்பும் பாடம் இடம்பெற்றுள்ளதா என்று பார்த்த பின்னரே கட்டணம் செலுத்த வேண்டும். 2024 செப்டம்பர் பருவத்திலிருந்து, சேருகின்ற மாணவர் ஒவ்வொருவரும் அப்பணியகத்தின் அடையாள எண்ணைப் பெறுவதும் கட்டாயமாக்கப்பட்டுள்ளது. ‘அந்த எண் எதற்கு, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்று ஒரு முகவர் கூறினால் அவரிடமிருந்து விலகிவிடுங்கள்.

தனியார் நிறுவனங்களுக்கு உரிமம் கொடுத்துப் பட்டப்படிப்பு நடத்தும் முறைக்கு அனுமதியில்லை என்பதையும் மானியக் குழு 2022 ஜனவரியில் அறிவித்துள்ளது. நகரத்தின் மாடிக் கட்டடங்களில் பலகை மாட்டியிருக்கும் ‘சேர்க்கை மையங்களில்’ பணம் கட்டாதீர்கள். பல்கலைக்கழகத்தின் சொந்தத் தளத்தில், மாணவரின் பெயரிலேயே கட்டணம் செலுத்தி ரசீது பெறுங்கள். வெளிநாட்டில் இப்பட்டத்தைப் பயன்படுத்த எண்ணுவோர், அந்நாட்டில் சான்றிதழுக்குச் சமத்துவம் பெறும்போது படித்த முறையைக் கேட்பதுண்டு என்பதை அறிந்து, சேருமுன்னரே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

1985இல் தொடங்கப்பெற்ற இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இதழியல் மற்றும் மக்கள் தகவல் தொடர்பியலில் முதுகலை நடத்துகிறது. அங்கே முதுகலையைக் குறைந்தது 2 ஆண்டுகளிலும் அதிகபட்சம் 4 ஆண்டுகளிலும் முடிக்கலாம் என்பது வேலை பார்ப்போருக்குப் பெரும் வசதி.

‘வீட்டிலிருந்தே படிப்பதால் எளிது’ என்று எண்ணுவோருக்கு ஒரு கணக்கு. திறந்தநிலைக் கல்வியில் ஒரு கிரெடிட் என்பது 30 மணி நேரப் படிப்பு. 80 கிரெடிட் கொண்ட பாடத்திட்டம் என்றால் 2400 மணி நேரம். அதனை 2 ஆண்டுகளுக்குப் பகிர்ந்தால் வாரத்திற்கு ஏறத்தாழ 23 மணி நேரம் வருகிறது. நாள்தோறும் மூன்று மணி நேரத்திற்கும் மேல்! பணி முடிந்து இரவில் களைத்து வருபவர் இதனை 3 அல்லது 4 ஆண்டுகளாகத் திட்டமிடுவதே அறிவுடைமை. இடையில் நிறுத்துவதைவிட மெல்ல முடிப்பது மேல்.

பெண்மக்கள் குறித்து ஒரு வேண்டுகோள்

பெற்றோர்களே, இதனைச் சற்று அழுத்தியே சொல்ல விரும்புகின்றோம். ஆண்பிள்ளைக்கு ‘எது நல்ல கல்லூரி’ என்று கேட்கும் நாம், பெண்பிள்ளைக்கு மட்டும் ‘இணையவழியில் ஏதேனும் இருக்கிறதா’ என்று கேட்கின்றோம். விருப்பமும் சூழலும் பார்த்து இணையவழியைத் தேர்ந்தெடுத்தால் மகிழ்ச்சி. களத்தில் பணியாற்றும் ஆற்றலும் ஆர்வமும் உள்ள ஒரு மகளை, தூரத்தைக் காரணம் காட்டி மட்டும் திரைக்கு முன் அமர்த்துவது நியாயமாகாது. பெண்களுக்கான விடுதி உள்ள பல்கலைக்கழகங்கள் உண்டு. தந்தையோ தாயோ ஒருமுறை நேரில் சென்று, விடுதியையும் துறையையும் பார்த்து, அங்கே பயிலும் மாணவியரிடம் பேசிவிட்டு முடிவெடுங்கள். மகளிடமும் கேளுங்கள். நம் சமுதாயப் பெண்களின் வாழ்வைப் பற்றி யார் யாரோ எழுதுகின்றனர்; அதனை அறிந்து எழுதக்கூடியவர்கள் நம் வீடுகளிலேயே இருக்கின்றனர்.

செலவும் ஜமாஅத்தின் பொறுப்பும்

வட்டிக் கடனுக்கு அஞ்சிப் படிப்பையே கைவிடும் குடும்பங்கள் நம்மிடையே உள்ளன. ஆய்வு மாணவர்களுக்கு உதவிய மௌலானா ஆசாத் தேசிய உதவித்தொகை 2022இல் நிறுத்தப்பட்டுவிட்டது. இந்நிலையில் அரசுப் பல்கலைக்கழகங்களின் குறைந்த கட்டணமும், ‘ஸ்வயம்’ தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் பாடங்களும் பெரிதும் உதவும். 2017இல் தொடங்கப்பெற்ற அத்தளத்தில் ஒரு தொடர்பியல் பாடத்தை முதலில் படித்துப் பார்க்கலாம். இத்துறை தமக்கு ஒத்துவருமா, இணையவழியில் தொடர்ந்து படிக்கும் மனவுறுதி தமக்கு உண்டா என்ற இரண்டையும் பணச்செலவின்றி அறிந்துகொள்ள அதைவிட நல்ல வழியில்லை.

ஜமாஅத்தின் பங்கும் இதில் உண்டு. கல்வி நிதியிலிருந்து வழங்கப்பெறும் கர்ழன் ஹஸனாவை மருத்துவ, பொறியியல் மாணவர்களுக்கு மட்டும் என்று சுருக்கிவிடாமல், அங்கீகாரம் சரிபார்க்கப்பட்ட தொடர்பியல் முதுகலைக்கும் வழங்க வேண்டும் என்று நிர்வாகத்தைக் கேட்டுக்கொள்கின்றோம். வளாகம், இணையவழி என்ற வேறுபாடு அதில் வேண்டாம். அங்கீகாரத்தைச் சரிபார்க்கும் பணியைக் கல்விக் குழு ஏற்றுக்கொள்ளும். பாடத்தின் பெயர், பல்கலைக்கழகத்தின் பெயர், சேரும் ஆண்டு ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எழுதி, கட்டணம் செலுத்துமுன் எம்மிடம் கொடுங்கள். கட்டிய பின் கொண்டுவந்தால் வருந்துவதைத் தவிர வேறெதுவும் செய்ய இயலாது.

மாணவக் கண்மணிகளே, தோழர் சேர்ந்தார் என்பதற்காகவோ, விளம்பரம் அழகாக இருந்தது என்பதற்காகவோ சேராதீர்கள். எதற்காக இந்தப் பட்டம் என்ற கேள்விக்கு ஒரு வரியில் உங்களால் பதில் எழுத முடிந்தால், வளாகமா இணையவழியா என்ற கேள்விக்கு அந்த வரியே பெரும்பாலும் விடை சொல்லிவிடும்.

பயனுள்ள கல்வியையும், உண்மையை உரைக்கும் நாவையும் எழுத்தையும் நம் பிள்ளைகளுக்கு வல்ல அல்லாஹ் வழங்குவானாக! ஆமீன். வஸ்ஸலாம்.